கடைக்காரர் பயப்படாத புதுப்பிப்பு

கேள்வி: புதுக்குடியிருப்பில் இருந்து எழுதுகிறேன். பசளைக் கடைகளும் பலசரக்குக் கடைகளும் பாவிக்கக்கூடிய ஒரு விண்டோஸ் மென்பொருளைத் தனியாளாகச் செய்து விற்கிறேன். பற்றுச்சீட்டு, இருப்பு, கடன் கொப்பி மூன்றும் அதில் உண்டு. புதுக்குடியிருப்பு, விசுவமடு, தருமபுரம், பரந்தன் பக்கம் 23 கடைகள் பாவிக்கின்றன. மைக்ரோசொஃப்டின் டொட் நெற் 8 இயங்குதளத்தில் எழுதியது, தரவுத்தளம் எஸ்கியூலைட் (எல்லாத் தரவும் ஒரே கோப்பில் இருக்கும் வகை). புதிய பதிப்பை பென் டிரைவில் கொண்டு கடை கடையாகப் போகிறேன். அதனால் கடைக்கொரு பதிப்பு இருக்கிறது. மாசி மாதம் பரந்தன் கடை ஒன்றில் 1.2 இருந்த கணினியில் 1.6ஐப் போட்டேன். வாடிக்கையாளர் பெயர்கள் அப்படியே இருக்கின்றன, அவர்களின் கடன் பதிவுகள் முழுவதும் போய்விட்டன. மற்றக் கடைகளில் இப்படி நடக்கவில்லை. 1.3இல் வாடிக்கையாளர் அட்டவணையைப் புதிதாக உருவாக்கிப் பழையதை நீக்கியிருந்தேன். 1.5இல் சிஸ்டம் டேற்றா எஸ்கியூலைட் நூலகத்தை விட்டு மைக்ரோசொஃப்ட் டேற்றா எஸ்கியூலைட்டுக்கு மாறினேன். இப்போது எந்தக் கடைக்குப் போனாலும் "தங்கச்சி, இதைப் போட்டால் என்ர கணக்குப் போகுமோ?" என்றுதான் கேட்கிறார்கள். தரவிறக்க இணைப்பை அனுப்பினால் விண்டோஸ் நீலப் பெட்டி காட்டித் தடுக்கிறது. பென்னில் கொண்டுபோனால் காட்டுவதில்லை. செற்றப் கோப்பு 70 எம்பி. காசு ஒரே தடவைதான் வாங்குகிறேன். எப்படி விளம்பரம் செய்வது? எல்லாவற்றையும் இணையத்துக்கு மாற்றிவிடவா?

பதில்:

விளம்பரத்தைக் கொஞ்சம் பொறுங்கள். "என்ர கணக்குப் போகுமோ" என்ற கேள்வி இருக்கும்வரை எந்த விளம்பரமும் எடுபடாது. உங்கள் கடைக்காரர்கள் ஒரே விநியோகஸ்தரிடம் சரக்கு எடுக்கிறவர்கள், ஒரே சந்தியில் தேநீர் குடிக்கிறவர்கள். ஒரு கடையில் கடன் பதிவு காணாமற்போன கதை நீங்கள் வீடு திரும்ப முன்னரே அடுத்த ஊருக்குப் போயிருக்கும். "புதுசு போட்டவை, ஒண்டும் ஆகேல்லை" என்ற சொல்லும் அதே வழியால்தான் போகும். வன்னியில் இப்படியான மென்பொருளுக்கு, பிரச்சினையில்லாமல் முடிந்த ஒரு புதுப்பிப்பை விடப் பெரிய விளம்பரம் கிடையாது. அதனால் தரவு முதலில், புதுப்பிப்பு அடுத்ததாக, பரப்புவது கடைசியாக.

பரந்தன் கடையில் நடந்ததற்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. எஸ்கியூலைட்டில் ஃபொரின் கீ விதி, அதாவது ஓர் அட்டவணையின் வரியை இன்னொன்றின் வரியோடு பிணைக்கும் விதி, இயங்கும் நிலையில் ஓர் அட்டவணையை நீக்கினால், அது முதலில் அந்த அட்டவணையின் எல்லா வரிகளையும் அழித்துவிட்டுத்தான் அட்டவணையை நீக்கும். கடன் பதிவுகளில் "வாடிக்கையாளர் அழிந்தால் இதுவும் அழிக" என்ற விதி, அதாவது ஒன் டிலீற் கஸ்கேட், வைத்திருப்பீர்கள். பழைய வாடிக்கையாளர் அட்டவணை நீங்கியபோது கடன் பதிவுகளும் சேர்ந்து போய்விட்டன. பெயர்களை நீங்கள் முன்கூட்டியே புதிய அட்டவணைக்குப் பிரதி எடுத்திருந்ததால் அவை தப்பின.

மற்றக் கடைகள் தப்பியது நூலகத்தால். சிஸ்டம் டேற்றா எஸ்கியூலைட்டில் ஃபொரின் கீ இயல்பாக அணைந்திருக்கும். அந்தக் கடைகள் 1.3ஐக் கடந்தபோது அதுதான் இருந்தது. மைக்ரோசொஃப்ட் டேற்றா எஸ்கியூலைட்டுடன் வரும் எஸ்கியூலைட்டில் ஃபொரின் கீ இயல்பாகவே இயங்கும். நீங்கள் ஒரு வரிகூட எழுதாமலே 1.5இலிருந்து அது இயங்கத் தொடங்கிவிட்டது. 1.2இலிருந்து நேரே 1.6க்குத் தாவிய கடையில் 1.3இன் பழைய படி புதிய விதியின் கீழ் ஓடியிருக்கிறது. இன்னும் 1.2இல் நிற்கும் கடை வேறு ஏதும் இருந்தால் இன்றே குறித்துக்கொள்ளுங்கள். இதைத் திருத்தும்வரை அங்கே எதையும் போடக்கூடாது.

திருத்தம் சின்னது. தரவுத்தளத்தின் கட்டமைப்பை, அதாவது அட்டவணைகளின் அமைப்பை, மாற்றும் வேலைக்கு மட்டும் தரவுத்தளத்துக்குத் தனி இணைப்பைத் திறந்து, அதன் இணைப்புச் சரத்தில் ஃபொரின் கீஸ் ஃபோல்ஸ் என்று கொடுங்கள். பரிவர்த்தனை (முழுதாக நடக்கும் அல்லது முழுதாகப் பின்வாங்கும் வேலைத் தொகுதி) தொடங்கிய பிறகு பிராக்மா என்ற அமைப்புக் கட்டளை மூலம் அணைக்கப் பார்த்தால் பிழையும் காட்டாது, அணையவும் மாட்டாது; பலர் விழுவது இந்த இடத்தில்தான். பிறகு பரிவர்த்தனையைத் தொடங்கி, புதிய அட்டவணையை உருவாக்கி, தரவைப் பிரதியிட்டு, பழையதை நீக்கி, புதியதற்குப் பழைய பெயரைச் சூட்டுங்கள். உறுதிசெய்ய முன்னர் ஃபொரின் கீ செக் என்ற சோதனையை ஓடவிட்டு, பிழையான ஒரு வரியேனும் திரும்பி வந்தால் எல்லாவற்றையும் பின்வாங்குங்கள். எஸ்கியூலைட்டில் அட்டவணையை உருவாக்குவதும் நீக்குவதும்கூடப் பரிவர்த்தனைக்குள் அடங்கும் என்பதால் பாதி வழியில் கறண்ட் போனாலும் பழைய நிலைக்கே திரும்பலாம். தனியே அட்டவணையின் ஒரு நிரலை (கொலம்) நீக்கவோ பெயர் மாற்றவோ மட்டும் இருந்தால் இவ்வளவும் தேவையில்லை. 2018இல் வந்த எஸ்கியூலைட் 3.25 முதல் நிரலின் பெயரை மாற்றலாம், 2021இன் 3.35 முதல் நிரலையே நீக்கலாம்.

தரவுத்தளக் கோப்பின் தலைப்பிலேயே யூசர் வேர்சன் என்று ஒரு முழு எண் இருக்கிறது. கட்டமைப்பின் பதிப்பை அதில் வையுங்கள். ஒவ்வொரு மாற்றமும் ஓர் எண் கொண்ட படி. செயலி திறக்கும்போது எண்ணைப் பார்த்து விடுபட்ட படிகளை வரிசையாக ஓட்டும். தன்னால் அறியப்படாத பெரிய எண்ணைக் கண்டால் கோப்பைத் தொடாமல் "இது புதிய பதிப்பின் கணக்கு" என்று சொல்லி மூடவேண்டும். லாச்சியில் கிடந்த பழைய பென்னில் இருந்து யாரோ பழைய செற்றப்பை மறுபடி போட்டுவிடுவது நடக்கிற காரியம்.

இதோடு நிற்கக் கூடாது. படிகளை ஓட்ட முன்னர் வக்கூம் இன்டு கட்டளையால் ஒரு முழுப் பிரதி எடுங்கள். போகுமிடத்தில் அதே பெயரில் கோப்பு இருந்தால் அது மறுத்துவிடும், ஆகவே பெயரில் திகதியையும் நேரத்தையும் சேருங்கள். அந்தப் பிரதியைத் திறந்து இன்டெக்ரிற்றி செக் (கோப்பு பழுதில்லையா என்ற சோதனை) செய்து "ஓகே" வந்தபின் மட்டும் மேலே போங்கள். பிறகு கடைக்காரருக்குப் புரிகிற மூன்று எண்களைக் குறியுங்கள்: வாடிக்கையாளர் எத்தனை பேர், கடன் பதிவுகள் எத்தனை, நிலுவை மொத்தம் எவ்வளவு. படிகள் முடிந்ததும் மூன்றையும் மறுபடி கணக்கிட்டு, ஒரு சதம் வித்தியாசம் என்றாலும் பின்வாங்கிப் பழைய பதிப்பைத் திறக்கவேண்டும். சரியாக இருந்தால் அந்த மூன்று எண்களையும் முன்பு, இப்போது என்று இரண்டு நிரலாகத் திரையில் காட்டி, ஒரு துண்டிலும் அச்சிடுங்கள். "போகுமோ" என்ற கேள்விக்கு அந்தத் துண்டு பதில் சொல்லும். இந்தச் சோதனை இருந்திருந்தால் பரந்தனில் புதுப்பிப்பு தானாகவே நின்றிருக்கும்.

பணத்தை ரியல் என்ற தசம எண் வகையில் வைத்திருந்தால் அடுத்த பதிப்பில் சதமாக மாற்றி முழு எண்ணில் வையுங்கள். மாற்றும்போது வெறுமனே வெட்டக்கூடாது, முழுமைப்படுத்தவேண்டும். 4.35ஐ 100ஆல் பெருக்கினால் கணினியில் 434.99999 என்றுதான் வரும், வெட்டினால் 434. ஒரு சதம்தானே என்று விடமுடியாது, நிலுவை மொத்தம் ஒத்துவராமல் நீங்களே வைத்த சோதனை உங்களைத் தடுக்கும். சில்லறையாக நிறுத்து விற்கும் பசளையின் எடையைக் கிராமில் வையுங்கள்.

பரந்தன் கடையில் இழந்ததை மீட்க இன்னும் வழியிருக்கலாம். எஸ்கியூலைட் அழித்த வரிகளைக் கோப்பில் இருந்து உடனே துடைப்பதில்லை. அந்தப் பக்கங்களை வெற்றுப் பட்டியலில் சேர்த்துவிட்டு, புதிய பதிவு வரும்போதுதான் மேலெழுதும். அன்று எடுத்த கோப்பின் பிரதி ஏதும் இருந்தால், வக்கூம் (கோப்பைச் சுருக்கும் கட்டளை) செய்யாமல், எஸ்கியூலைட்டின் கட்டளைவரிச் செயலியில் ரிக்கவர் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். எந்த அட்டவணைக்கு உரியது என்று தெரியாத வரிகளைத் தனி அட்டவணையாக ஒதுக்கித் தரும். கடையில் தொடர்ந்து விற்பனை பதிந்திருந்தால் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கும். மிச்சத்தைப் பற்றுச்சீட்டுக் கட்டைகளில் இருந்து நீங்களே பக்கத்தில் இருந்து பதிந்து கொடுங்கள். அதற்குக் காசு கேட்காதீர்கள்.

இனித் தரவு எங்கே இருக்கிறது, எங்கே பிரதி போகிறது என்பது. தரவுத்தளக் கோப்பு புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் இருக்கவே கூடாது. புரோகிராம் டேற்றாவில் உங்களுக்கென ஒரு கோப்புறை வைத்து, செற்றப் கோப்பை உருவாக்கும் இன்னோ செற்றப் கருவியின் டேர்ஸ் பகுதியில் அதற்கு யூசர்ஸ் மொடிஃபை (எல்லாப் பயனரும் மாற்றலாம் என்ற) அனுமதி கொடுங்கள். அந்த அனுமதி இல்லாவிட்டால் முதலாளியின் கணக்கில் உருவான கோப்பை, கடையில் நிற்கும் பெடியனின் விண்டோஸ் கணக்கால் மாற்ற முடியாது. பற்றுச்சீட்டு போடும்போது "வாசிக்க மட்டும்" என்று பிழை வரும்.

செயலி திறந்திருக்கும்போது கோப்பை இழுத்து பென்னில் போடுவது காப்புப்பிரதி ஆகாது. எஸ்கியூலைட் வால் (டபிள்யூஏஎல்) முறையில், அதாவது புதிய மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதும் முறையில், ஓடுகிறது என்றால் அன்றைய விற்பனை பக்கத்திலுள்ள வால் கோப்பில் இருக்கலாம். பிரதான கோப்பை மட்டும் எடுத்தால் அது விடுபடும். எப்போதும் செயலியின் பொத்தான் வழியாகவே, வக்கூம் இன்டு கொண்டு எடுக்கச் செய்யுங்கள். மீட்கும்போது "கோப்பு பாவனையில் உள்ளது" என்று விண்டோஸ் மறுத்தால் காரணம் மைக்ரோசொஃப்ட் நூலகம் இணைப்புகளைத் திறந்து சேமித்து வைத்திருப்பது. அவற்றை மூடும் கிளியர் ஓல் பூல்ஸை அழைத்தபின் கோப்பை மாற்றுங்கள். இன்னொன்று, வால் முறையில் எழுதியதை வட்டில் எப்போது உறுதிசெய்வது என்ற சின்க்ரனஸ் அமைப்பை நோர்மல் என்று வைத்தால், கறண்ட் போகும்போது கோப்பு பழுதாகாது, ஆனால் கடைசியாகப் போட்ட சில சீட்டுகள் போகலாம். பணம் கைமாறும் செயலிக்கு ஃபுல் வையுங்கள். வேகக் குறைவு ஒரு கடையின் அளவில் தெரியாது.

கடை பூட்டும் நேரம் செயலியை மூடும்போதே பிரதி எடுக்கக் கேட்கட்டும். இரண்டு பென் போதும்: ஒருநாள் ஒன்று, மறுநாள் மற்றது, அன்றைய பென் முதலாளியோடு வீட்டுக்குப் போகவேண்டும். கணினியிலேயே செருகிக் கிடக்கும் பென்னைப் பிரதி என்று எண்ணவேண்டாம். 2018 மார்கழி வெள்ளமும் 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலும் கண்ட இடத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை. கணினி நனைந்தால் அதில் செருகிய பென்னும் நனையும். கடைசி 14 நாட்களின் பிரதியும் ஒவ்வொரு மாத இறுதிப் பிரதியும் இருந்தால் போதுமானது. புதிய கடையில் நிறுவும் அன்றே ஒரு தடவை மீட்டுக் காட்டுங்கள்.

அடுத்தது புதுப்பிப்பைக் கொண்டுசேர்ப்பது. 70 எம்பியில் பெரும்பகுதி உங்கள் செயலி அல்ல, கூடவே கட்டி அனுப்பும் டொட் நெற் இயங்குதளம். அதைத் தனியே பிரித்து, கடையில் ஒருமுறை நிறுவிவிட்டு, செயலியை மட்டும் வெளியிட்டால் ஒவ்வொரு புதுப்பிப்பும் சில எம்பிக்குள் அடங்கும். கைபேசியின் ஹொட்ஸ்பொட்டில் ஓடும் கடைக்கு இந்த வித்தியாசம் பெரியது. டொட் நெற் 8க்கான ஆதரவு 2026 நவம்பரில் முடிகிறது. பிரிக்கிற வேலையைச் செய்யும்போதே, 2028 நவம்பர் வரை ஆதரவுள்ள டொட் நெற் 10க்கு மாறிவிடுங்கள்; இரண்டு தடவை கடை கடையாக ஏறி இறங்க வேண்டியிராது.

புதிய பதிப்பு இருக்கிறதா என்று பார்க்க உங்கள் இணையத்தளத்தில் ஒரு சின்ன உரைக் கோப்பு போதும். பதிப்பு எண், கோப்பின் அளவு, ஷா 256 சுருக்கம் (கோப்பு மாறினால் தானும் மாறும், கைரேகை போன்ற எண்), எந்தப் பதிப்பிலிருந்து தாவலாம் என்ற எல்லை, தமிழில் மூன்று வரி விளக்கம் ஆகியவை அதில் இருக்கட்டும். சுருக்கத்தை மட்டும் நம்பக்கூடாது. தளத்துக்குள் புகுந்தவர் செற்றப்பையும் சுருக்கத்தையும் சேர்த்தே மாற்றுவார். உரைக் கோப்பை உங்கள் தனிச் சாவியால் ஒப்பமிட்டு, பொதுச் சாவியைச் செயலிக்குள் வையுங்கள். தனிச் சாவி இணையத் தளத்தில் இருக்கக்கூடாது. செயலி நாளுக்கு ஒருதடவை, திறந்து சிறிது நேரம் கழித்து, பின்னணியில் பார்க்கட்டும்; ஐந்து வினாடியில் பதில் வராவிட்டால் சத்தமில்லாமல் விட்டுவிடட்டும். இணையம் இல்லை என்பதற்காகப் பற்றுச்சீட்டு போடும் திரை ஒருபோதும் தாமதிக்கக் கூடாது. இறக்குவதற்கு விண்டோஸில் உள்ள பிற்ஸ் சேவையைப் பாவித்தால் தொடர்பு அறுந்தாலும் விட்ட இடத்தில் இருந்து தொடரும். நிறுவும் கேள்வியைக் கடை மூடும்போது மட்டும் கேளுங்கள். இணையமே இல்லாத கடைக்கு அதே கோப்பு பென்னில் போகலாம், ஆனால் செயலிக்குள் இருக்கும் "புதுப்பிப்புக் கோப்பைத் திற" பொத்தானால் திறக்க வையுங்கள். அப்போது ஒப்பமும், பிரதியும், மூன்று எண் சோதனையும் ஒரே பாதையில் நடக்கும்.

இன்னோ செற்றப்பில் அப்ஐடி என்ற செயலி அடையாளம் எந்தப் பதிப்பிலும் மாறக்கூடாது. மாறினால் விண்டோஸ் அதை இன்னொரு மென்பொருளாக எண்ணி இரண்டையும் வைத்திருக்கும். கடைப்பெடியன் பழைய சின்னத்தைச் சொடுக்கிப் பழையதில் பதிவார். அப்மியூற்றெக்ஸ் என்ற அமைப்பைக் கொடுத்தால் செயலி திறந்திருக்கும்போது நிறுவி அதை மூடச் சொல்லிக் காத்திருக்கும்.

23 கடைக்கும் ஒரே நாளில் அனுப்பவேண்டாம். கணினி ஓரளவு தெரிந்த, உங்களோடு மனம்விட்டுப் பேசும் இரண்டு கடைகளில் ஒரு வாரம் ஓடட்டும், பிறகு ஐந்து, பிறகு மற்றவை. ஒவ்வொரு வெளியான பதிப்பின் தரவுத்தளத்திலும் ஒரு பிரதியைப் பெயர்களை மாற்றிச் சேமித்து வைத்து, வெளியிட முன்னர் அவை ஒவ்வொன்றிலிருந்தும் புதியதற்குத் தாவிச் சோதியுங்கள். 1.2இலிருந்து 1.6க்கு ஒரு தடவை வீட்டிலேயே தாவியிருந்தால் போதும், இந்தப் பிழை அங்கேயே முகம் காட்டியிருக்கும்.

காலமும் முக்கியம். காலபோக அரிவி வெட்டு நடக்கும் தை, மாசி, பங்குனியில் பசளைக் கடைக்குக் கடன் திரும்பி வரும். ஒரு வருடத்தில் கடன் கொப்பி அதிகம் திறக்கப்படும் காலம் அது. அப்போது கட்டமைப்பை மாற்றும் பதிப்பு எதையும் விடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் விதைப்போடு யூரியா விற்பனை நெரியும். சித்திரைப் புத்தாண்டு கழிந்த இரண்டு கிழமையும் ஆவணிக் கடைசியும் நல்ல இடைவெளிகள். அவசரப் பிழைத் திருத்தம் என்றால் எப்போதும் விடலாம், அதில் புது வசதி எதையும் சேர்க்காமல்.

நீலப் பெட்டிக்கு வருவோம். இணையத்தில் இருந்து இறங்கும் கோப்பில் விண்டோஸ் "வெளியிலிருந்து வந்தது" என்று ஓர் அடையாளம் வைக்கிறது. அந்த அடையாளம் என்ரிஎஃப்எஸ் என்ற முறையில் வடிவமைத்த வட்டில்தான் ஒட்டும். பென்கள் பெரும்பாலும் ஃபற்32 அல்லது எக்ஸ்ஃபற் என்பதால் அதில் உதிர்ந்துவிடும், அதனால் பென்னில் கொண்டுபோனால் பெட்டி வருவதில்லை. அந்தப் பெட்டியைக் காட்டும் ஸ்மாற்ஸ்கிரீன் ஒரு கோப்பையும் அதை ஒப்பமிட்டவரையும் எத்தனை பேர் பிரச்சினையின்றிப் பாவித்தார்கள் என்று பார்க்கிறது. ஒப்பமில்லாத கோப்பு ஒவ்வொரு பதிப்பிலும் புதிய கோப்பு. நன்மதிப்பு பூச்சியத்தில் இருந்து தொடங்கும். மென்பொருளை உங்கள் பெயரில் ஒப்பமிட உதவும் ஒப்பச் சான்றிதழ் வருடத்துக்கு நூற்றுக்கணக்கான டொலர். 2023 ஜூன் முதல் அதன் சாவி வன்பொருளில்தான் இருக்கவேண்டும் என்பதால் சாவியை வைக்கும் சிறு கருவியான டோக்கனின் செலவும் சேரும். விலைகூடிய ஈவி சான்றிதழ் (எடுப்பவரை ஆழமாகச் சரிபார்த்துத் தருவது) எடுத்தால் பெட்டி உடனே மறையும் என்பதும் 2024இலிருந்து இல்லை. 23 கடைகளின் வருமானத்துக்கு இந்தச் செலவு இப்போது வேண்டாம் என்பேன்.

மைக்ரோசொஃப்ட் ஸ்ரோர் வழி மலிவு. தனிநபர் பதிவுக்கான கட்டணத்தை 2025இல் பெரும்பாலான நாடுகளுக்கு நீக்கிவிட்டார்கள். எம்எஸ்ஐஎக்ஸ் என்ற நிறுவல் பொதியாகக் கொடுத்தால் ஒப்பமும் அவர்களே இடுவார்கள். ஆனால் கவனம்: எம்எஸ்ஐஎக்ஸ் செயலி அப்டேற்றா கோப்புறையில் எழுதுவது அதன் சொந்த மறைவான இடத்துக்குத் திருப்பப்படும், செயலியை நீக்கினால் அதுவும் சேர்ந்து நீங்கும். கடன் கொப்பி அங்கே இருந்தால் ஒரே சொடுக்கில் போய்விடும். அந்த வழிக்குப் போனால் தரவுக் கோப்புறையைக் கடைக்காரரே தெரிவுசெய்து வெளியே வைக்கட்டும். எந்த வழியானாலும் "வைரஸ் காவலை நிறுத்திவிட்டுப் போடுங்கோ" என்று யாருக்கும் சொல்லிக்கொடுக்காதீர்கள். நாளை வேறொருவர் அனுப்பும் கோப்புக்கும் அவர் அதையே செய்வார். தவறாகப் பிடித்தால் மைக்ரோசொஃப்டின் கோப்புச் சமர்ப்பிப்புப் பக்கத்தில் முறையிடலாம். யூபிஎக்ஸ் போன்ற, செயலிக் கோப்பின் அளவைக் குறைக்கும் சுருக்கிகளைத் தவிர்த்தாலே பாதிப் பிரச்சினை குறையும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் வரப்போவது. பழைய கணினிகளில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய பொருட்பெயர்ப் பட்டியலை யூனிகோடுக்கு மாற்றும் வசதியைப் பல கடைகள் கேட்கும். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் உருவத்தை வைக்கிறது. ஒரே நிரலில் "யூரியா" என்று ஆங்கிலத்தில் எழுதிய பெயரும் பாமினிப் பெயரும் கலந்திருந்தால் கணினியால் பிரித்தறிய முடியாது. பழைய நிரலைத் தொடாமல், மாற்றியதை இன்னொரு நிரலில் வைத்து, முதலாளி பார்த்துச் சரி சொன்னபின் எடுங்கள்.

இனிப் பரப்புவது. முதல் ஆட்கள் உங்கள் 23 கடைகள். அவர்களில் திருப்தியானவர்களின் கடைக்குப் புதியவரை அழைத்துப் போய், அவரையே பேச விடுங்கள். அடுத்தவர்கள், கடைகளுக்கு ஏற்கெனவே போய் வருகிற ஆட்கள்: பசளை, கிருமிநாசினி விற்பனைப் பிரதிநிதிகள், கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கடைகளின் வரிக்கணக்கு எழுதும் கணக்காளர்கள், கணினி திருத்தும் கடைகள். கணினிக் கடைக்குத் தரகு கொடுத்தால் நிறுவியதற்குக் கொடுக்கவேண்டாம், கட்டணம் செலுத்தப்பட்டதற்குக் கொடுங்கள். நிறுவியதற்குக் கொடுத்தால் விற்கும் ஒவ்வொரு கணினியிலும் போட்டுவிடுவார்கள். ஆதரவு கேட்டு அழைப்பது உங்களுக்குத்தான் வரும். கணக்காளருக்குத் தரகை விட, மாத முடிவில் அவருக்குத் தேவையான விற்பனைப் பட்டியலை எக்ஸெல்லில் கொடுக்கும் வசதி பெரிது.

வட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு நிமிடக் காணொளி ஒன்று எடுங்கள். வசதிகளை அடுக்காமல் ஒரு வேலையை மட்டும் காட்டுங்கள்: இரண்டு மூடை யூரியாவைக் கடனுக்கு எழுதுவது, தமிழில் சீட்டு வருவது, அறுவடை முடிய ஊர்வாரியாக நிலுவைப் பட்டியல் எடுப்பது. தமிழ்ச் சீட்டு உங்கள் பலம். அனல் அச்சுப்பொறிகளில் பொதுவாகத் தமிழ் எழுத்து இருப்பதில்லை, ஆகவே சீட்டை நிர்மலா யூஐ எழுத்துருவில் வரைந்து படமாக அனுப்புங்கள். 80 மில்லிமீற்றர் பொறியில் வழக்கமான அகலம் 576 புள்ளிகள். காணொளியில் எந்தக் கடையின் உண்மைக் கொப்பியும் தெரியக்கூடாது. ஊரில் யார் யாருக்குக் கடன் என்பது வெளியே போனால் மன்னிப்புக் கிடையாது, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நாட்டில் இருக்கிறது. பிழை அறிக்கை அனுப்பும் வசதி வைத்தால் அதிலும் பெயரோ தொகையோ போகாமல் பாருங்கள்; அனுப்புவதையும் கேட்டு அனுப்புங்கள்.

ஒரே தடவைக் கட்டணத்தை விட்டுவிடுங்கள். பெறுமதி சேர் வரி 2022 ஜூனில் 8இலிருந்து 12 வீதமானது, செப்ரெம்பரில் 15, 2024 தையில் 18. வரி பதியும் கடைக்கு ஒவ்வொரு மாற்றமும் ஒரு புதுப்பிப்பு வேலை. வாழ்நாளுக்கு விற்றவர் அதையெல்லாம் இலவசமாகச் செய்யவேண்டியதுதான், செய்யாமல் விட்டால் பெயர் கெடும். (வீதத்தைச் செயலிக்குள் நிரந்தரமாக எழுதாமல், தொடங்கும் திகதியோடு ஓர் அட்டவணையில் வையுங்கள். பழைய சீட்டைத் திரும்ப அச்சிடும்போது பழைய வீதமே வரவேண்டும்.) புதிய கடைகளுக்கு நிறுவல் கட்டணம் ஒன்றும் வருடாந்தக் கட்டணம் ஒன்றும் வையுங்கள். வருடாந்தத்தைப் பங்குனிக் கடைசியில், நெற்காசு கைக்கு வந்தபின் கேளுங்கள். பழைய 23 பேருக்கும் வாங்கியபோது சொன்ன சொல்லை மாற்றாதீர்கள்; அவர்களுக்குப் பிழைத் திருத்தம் இலவசம், புது வசதி வேண்டுமென்றால் வருடாந்தம்.

கட்டணம் முடிந்த கடையில் புதிய சீட்டுப் போடுவதை நிறுத்தலாம். பழைய கணக்கைப் பார்க்கவும், அச்சிடவும், எக்ஸெல்லில் எடுக்கவும் எப்போதும் விடவேண்டும். அது அவரின் கணக்கு. உரிமச் சாவியைக் கணினியோடு பிணைத்தால், வன்தட்டு மாறும் நாளில் தொலைபேசியிலேயே புதிய சாவி கொடுக்கும் வழியும் வையுங்கள். அது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையில்தான் நடக்கும்.

இணையத்துக்கு மாற்றும் யோசனை இப்போது வேண்டாம். சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் சீட்டுப் போடும் வேலை கடைக்குள்ளேயே முடியவேண்டும். முதலாளி வீட்டிலிருந்து அன்றைய விற்பனையைப் பார்க்கக் கேட்டால், மூடும்போது மொத்தத்தை மட்டும் அனுப்பும் சிறு வசதி போதும்.

கடைசியாக ஒரு சுற்று எல்லாக் கடைக்கும் பென்னோடு போகவேண்டியிருக்கிறது. முதலில் பரந்தன். அங்கே கணக்கை நேராக்கிக் கொடுத்துவிட்டு, புதிய பதிப்பை அன்று போடாமல் திரும்புங்கள். மற்றக் கடைகளில், மேலே சொன்ன இரண்டு, ஐந்து, மற்றவை என்ற வரிசையில், பிரதி எடுத்து, பதிப்பு எண்ணைக் குறித்து, திருத்திய பதிப்பைப் போட்டு, மூன்று எண் துண்டை முதலாளியின் கையில் கொடுங்கள். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரையும் அதற்குள் பதிந்துவிடுங்கள். பற்றுச்சீட்டுக்கும் வங்கிக் கணக்குக்கும் தேவைப்படும், பின்னர் ஒப்பச் சான்றிதழ் எடுக்கும் நாள் வந்தால் அதற்கும் கேட்பார்கள்.